மலையேறிய மருத்துவ ஆசான்

கன்னியாகுமரி மாவட்டத்தின் வடபகுதியில் திற்பரப்பு என்னும் ஊர் உள்ளது. மேற்கு மலைத்தொடரில் பிறந்து வரும் கோதையாறு, இவ்வூரில் அகன்ற பாறைப் பரப்பின்மேல் தவழ்ந்து வந்து, ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து அருவியாக வீழ்கின்றது. அருவியின் அருகே மகாதேவர் கோயில் அமைந்துள்ளது. மகாசிவராத்திரியின்போது பன்னிரு சிவாலயங்களுக்கும் ஓடிச் சென்று வழிபடும் அடியார்கள் இங்கும் வந்து செல்வர். அருவியைக் கண்டு மகிழ்வோர் பலர். அதற்குச் சற்று மேலே ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டிருக்கும் அணையை உற்று நோக்குவோர் மிகச் சிலர். ஆயினும் நெல்வயல்களுக்கு நீரூட்டுவது அவ்வணையே. பாறையில் வீழும் நீர் கண்ணுக்கு விருந்தாகிறது. அணையில் தேங்கி வாய்க்காலிற் புகும் நீர் வயிற்றுக்கு உணவாகிறது.

கல்வியும் திறமையும் இந்நீர் போன்றவை. ஒருவர் எத்துணைப் பெரிய வல்லுநராயினும், அவருடைய திறமை பிறர்பாற் செல்லும் வாய்க்கால் இல்லையேல் அஃது அவரோடு முடிந்துவிடும். மருத்துவத் தொழிலில் இவ்வுண்மை மிகவும் கூர்மையானது. ஒரு மருத்துவரின் இரண்டு கைகள் ஒரு நாளில் சிலரையே காக்க வல்லன. அவர் நூறு மருத்துவரை உருவாக்கினால், அவர் இல்லாத ஊரிலும், அவர் மறைந்த பின்னரும், நோயாளர் காக்கப்படுவர். ஆதலின் மருத்துவருக்குக் கற்பிக்கும் மருத்துவர் எப்படிப்பட்டவராதல் வேண்டும், அவர் தாம் எவற்றைக் கற்றிருத்தல் வேண்டும் என்பன பெரிய வினாக்களாகும். திற்பரப்புக்குத் தெற்கே, கல்குளம் வட்டத்திலுள்ள நெய்யூரில் பல்லாண்டுகள் பணிபுரிந்த டாக்டர் சோமர்வெல்லின் வாழ்க்கை இவ்வினாக்களுக்கு நல்லதொரு விடையாக விளங்குகின்றது.

இளமையும் கல்வியும்

தியோடர் ஹோவார்டு சோமர்வெல் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் இங்கிலாந்தின் வடபாலுள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் காலணி செய்யும் பெருந்தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தனர். குன்றுகளும் ஏரிகளும் சூழ்ந்த அந்நாட்டுப்புறம் இளமையிலேயே அவருக்கு மலையேறும் விருப்பத்தை ஊட்டிற்று. ரக்பி பள்ளியில் பயின்ற பின்னர்க் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் கற்று முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். ஓவியத்திலும் இசையிலும் அவருக்கு இயல்பான ஈடுபாடு இருந்தது. செல்வமும் குடும்பத் தொழிலும் காத்திருந்தும், பிணி தீர்க்கும் தொழிலையே அவர் தம் வாழ்வாகத் தேர்ந்துகொண்டார்.

போர்க்களம் கற்பித்த பாடம்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. சோமர்வெல் படை மருத்துவராகப் பிரான்சு நாட்டிற்குச் சென்றார். 1916-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சோம் ஆற்றங்கரையில் பெரும்போர் தொடங்கிற்று. அந்த ஒரு நாளிலேயே பிரிட்டிஷ் படையில் ஏறத்தாழ 57,000 பேர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். போர்முனைக்குப் பின்னேயிருந்த மருத்துவக் கூடாரத்தில் சோமர்வெல்லோடு சேர்த்து அறுவை மருத்துவர் நால்வரே இருந்தனர். வெளியே திறந்த வெளியில், தூக்குப்படுக்கைகளில், காயமுற்ற வீரர்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாகக் கிடந்தனர்.

இடையிடையே சிறிது ஓய்வு கிடைத்தபோது சோமர்வெல் வெளியே வந்து அவர்களிடையே நடந்தார். சாவின் வாயிலில் கிடந்தவர்களிற் சிலரோடு உரையாடினார். அவர்களுள் ஒருவரேனும் பிறருக்கு முன் தம்மைக் கவனிக்குமாறு வேண்டவில்லை. அந்தப் பொறுமை அவர் உள்ளத்தை உருக்கிற்று. போர் என்பதையே வெறுக்கும் மனத்தினராக அவர் மாறினார்.

அப்போர்க்களம் அவருக்கு வேறொன்றையும் உணர்த்தியிருக்கும். நால்வருக்குப் பதிலாக நாற்பதின்மர் இருந்திருப்பின், அவ்வெளியில் உயிர்துறந்தோரிற் பலர் பிழைத்திருப்பர். மருத்துவரிடம் திறமை இருந்தது, கருணையும் இருந்தது, கைகள் போதவில்லை. கற்ற கைகளைப் பெருக்குவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

கயிற்றின் இருமுனை

போர் முடிந்தபின் சோமர்வெல் லண்டனில் அறுவை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார். அப்போது எவரெஸ்டுச் சிகரத்தில் ஏறும் முயற்சிகள் தொடங்கியிருந்தன. 1922-ஆம் ஆண்டுக் குழுவில் அவரும் ஒருவராகச் சேர்ந்தார். அவ்வாண்டு மே மாதம் 21-ஆம் நாள் மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் ஆகிய மூவரும் பிராணவாயுக் கலத்தின் துணையின்றி 26,985 அடி உயரத்தை அடைந்தனர். அதற்கு முன்னர் மலையில் மனிதர் எவரும் அத்துணை உயரம் சென்றதில்லை.

இறங்கி வருங்கால், களைத்துப் பின்தங்கியிருந்த மோர்ஸ்ஹெட் என்பாரையும் உடனழைத்துக்கொண்டு நால்வரும் ஒரே கயிற்றிற் பிணைந்து வந்தனர். செங்குத்தான பனிச்சரிவில் மோர்ஸ்ஹெட்டின் கால் வழுக்கியது. அவருடைய வீழ்ச்சி நார்ட்டனையும் சோமர்வெல்லையும் உடன் இழுத்துச் சென்றது. மல்லோரி நொடிப்பொழுதில் தம் பனிக்கோடரியை ஆழக் குத்தி, கயிற்றை அதன்மேற் சுற்றிப் பிடித்து, மூவரையும் காத்தார்.

மலையேறுவோர் கயிற்றின் தன்மையை மாணவர் சிந்தித்தல் நலம். கயிற்றைப் பிடித்து நிற்பவர் மற்றவருக்காக மலையேறுவதில்லை. ஏறுபவர் தம் காலாலேயே ஏறுதல் வேண்டும். ஆயினும், ஏறுபவர் வழுக்கும்போது அவ்வழுக்கல் இறப்பாக மாறாதபடி கயிறு காக்கின்றது. கயிற்றை மிக இறுக்கினால் பின்வருபவர் அடியெடுத்து வைத்தல் இயலாது. மிகத் தளர்த்தினால் அவர் பள்ளத்தில் வீழ்வர். மருத்துவ ஆசிரியரின் கடமையும் ஏறத்தாழ இதுவே.

அதே ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள் பெருந்துயரம் ஒன்று நிகழ்ந்தது. புதுப்பனி பொழிந்திருந்த சரிவில் மீண்டும் ஏற முயன்றபோது, பனிப்பாறை சரிந்து சுமைதூக்கி வந்த ஷெர்ப்பாக்கள் எழுவரைக் கொன்றது. குழுவை நடத்திச் சென்ற ஆங்கிலேயர் மூவரும் உயிர் பிழைத்தனர். அம்மூவருள் சோமர்வெல்லும் ஒருவர். தம்மை நம்பித் தம் பின்னே வந்தவர் மாண்டிருக்க, அவர்தம் இறப்பில் ஆங்கிலேயர் எவரும் பங்குகொள்ளவில்லையே என்று அவர் ஆறாத் துயருற்றார். முன்னே செல்பவரின் கணக்குத் தவறினால், அதன் விலையைப் பெரும்பாலும் பின்னே வருபவரே கொடுக்க நேர்கின்றது. பிறரை நடத்திச் செல்லும் எவரும் மறத்தற்கரிய பாடம் இது.

நெய்யூரின் அழைப்பு

எவரெஸ்டிலிருந்து திரும்பிய சோமர்வெல் உடனே தாயகம் செல்லாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க விரும்பினார். பயணத்தின் ஊடே தெற்கே வந்து, அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்த நெய்யூரை அடைந்தார்.

நெய்யூர் மருத்துவமனைக்கு அப்போதே நெடிய வரலாறு இருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1838-இல் டாக்டர் ராம்சே என்பார் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். பின்னர் 1861-இல் வந்த டாக்டர் ஜான் லோ, தாம் ஒருவராக அப்பகுதி முழுவதற்கும் மருத்துவம் செய்தல் இயலாது என்பதை உணர்ந்தார். உள்ளூர் இளைஞர் சிலரைத் தேர்ந்தெடுத்து மருத்துவ வகுப்பு ஒன்றை நடத்தினார். பயிற்சி பெற்றவர்கள் கிளை நிலையங்களிற் பணியாற்றினர். லோ பின்னர் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகருக்குத் திரும்பி, உலகின் பல நாடுகளுக்குச் செல்லவிருந்த மருத்துவ மாணவர்களைப் பயிற்றும் நிலையத்தின் தலைவரானார். நாஞ்சில் நாட்டின் அருகே ஒரு சிற்றூரில் தொடங்கிய கற்பிக்கும் அனுபவம், கடல் கடந்த பெருநகரில் மருத்துவரை உருவாக்கப் பயன்பட்டது என்பது நினைக்கத்தக்கது.

சோமர்வெல் 1922-இல் அங்கே கண்ட காட்சி அவரை நிலைகுலையச் செய்தது. தகுதிபெற்ற அறுவை மருத்துவர் ஒருவரே இருந்தார். அவரும் ஓயாத உழைப்பால் தளர்ந்திருந்தார். நோயாளர் கூட்டமோ வாயிலில் நீண்டு நின்றது. தொலைவிலிருந்து நடந்தும், மாட்டுவண்டியிலும், உறவினர் தோளிலும் வந்தவர்கள் முறைக்காகக் காத்திருந்தனர். சோம் ஆற்றங்கரையில் கண்ட அதே வரிசை, போர் ஏதும் இல்லாத அமைதியான தென்னந்தோப்புகளின் இடையே மீண்டும் அவர் கண்முன் நின்றது.

உடனே தம் உதவியை அளித்தார். லண்டனில் புகழும் பொருளும் தரத்தக்க வாழ்வு அவருக்குக் காத்திருந்தது. இங்கிலாந்து சென்று அதனைத் துறந்து, 1923-இல் நெய்யூருக்கே திரும்பி வந்தார்.

மீண்டும் எவரெஸ்டு

1924-இல் மீண்டும் எவரெஸ்டுக் குழுவில் சேர அழைப்பு வந்தது. விடுப்புப் பெற்றுச் சென்றார். வடகணவாய் என்னும் இடத்தில், 23,000 அடி உயரத்தில், ஷெர்ப்பாக்கள் நால்வர் பனிப்பொழிவில் அகப்பட்டுக் கீழிறங்க அஞ்சி நின்றனர். மல்லோரியும் நார்ட்டனும் சோமர்வெல்லும் அவர்களை மீட்க ஏறினர். சிகரம் ஏறுவதற்காக வைத்திருந்த வலிமையெல்லாம் இதிலே செலவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆயினும், முன்னே இறந்த எழுவரின் நினைவு மூவரையும் செலுத்திற்று.

தொண்டைப் புண்ணால் இருமிக்கொண்டிருந்த சோமர்வெல், கயிற்றின் முனையிற் பிணைந்து சரிவின் குறுக்கே முன்னேறினார். சில கசத் தொலைவே எஞ்சியிருந்தபோது கயிற்றின் நீளம் தீர்ந்துவிட்டது. அந்நால்வரில் இருவர் அத்தொலைவைக் கடந்து காப்பான இடம் சேர்ந்தனர். மற்ற இருவர் சறுக்கிச் சரிந்து, நல்லூழால் சற்றுக் கீழே பனியில் தடைப்பட்டு நின்றனர். அசையாதிருக்குமாறு அவர்களுக்குச் சொல்லி, சோமர்வெல் தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியை ஆழ ஊன்றி அதிற் கயிற்றைச் சுற்றினார். ஒரு கையாற் கயிற்றின் கடைசி முனையைப் பற்றி, மறுகையை இயன்ற மட்டும் நீட்டி, ஒருவர்பின் ஒருவராக அவர்களைப் பிடித்து மேலே கொணர்ந்தார். தம் கயிறு எட்டாத இடத்தில் நிற்பவரைத் தாம் சென்று எட்டுவது தலைவரின் இயல்பு என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஜூன் மாதம் 4-ஆம் நாள் அவரும் நார்ட்டனும் சிகரத்தை நோக்கி ஏறினர். ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் சோமர்வெல்லால் மூச்சுவிட இயலவில்லை. தம்மால் நண்பரின் ஏற்றம் தடைப்படலாகாது என எண்ணி, நார்ட்டனைத் தனியே செல்லுமாறு வேண்டித் தாம் பாறைமேல் அமர்ந்தார். நார்ட்டன் 28,126 அடி வரை சென்று திரும்பினார். பிராணவாயுத் துணையின்றி அடைந்த உயரத்தில் அஃது 1978 வரை மிஞ்சப்படாத எல்லையாக விளங்கிற்று. இறங்கும் வழியில் குளிரால் வெந்திருந்த குரல்வளைத் தோல் உரிந்து சோமர்வெல்லின் மூச்சுக் குழலை அடைத்தது. இறுதி நேரம் வந்ததென்று அவர் பனியில் அமர்ந்துவிட்டார். கடைசி முயற்சியாகத் தம் மார்பை இரு கைகளாலும் அழுத்தவே, அடைப்பு வெளிப்பட்டது, உயிர் பிழைத்தார்.

சில நாள்களுக்குப் பின் மல்லோரியும் இர்வினும் சிகரத்தை நோக்கிச் சென்று திரும்பாமற் போயினர். நண்பரை இழந்த துயரோடு சோமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார். 1925-இல் மார்கரட் ஹோப் சிம்சன் என்னும் அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு ஆண்மக்கள் மூவர் பிறந்தனர்.

நெய்யூர்ப் பணி

நெய்யூரில் அவர் தமிழ் கற்றார். நோயாளரிடம் அவர்தம் மொழியிலேயே பேசினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய வாழ்வு அவ்வூரோடு பிணைந்திருந்தது. நெய்யூரை நடுவிடமாகக் கொண்டு திருவிதாங்கூரின் பல பகுதிகளிற் கிளை மருத்துவமனைகள் இயங்கின. அவற்றின் அன்றாடப் பொறுப்பு பெரும்பாலும் இந்திய மருத்துவர்களிடம் இருந்தது.

அந்நாளில் தென்திருவிதாங்கூரில் முன்சிறுகுடற்புண் மிகுதியாகக் காணப்பட்டது. அரிசியும் மரச்சீனிக் கிழங்கும் முதன்மை உணவாகக் கொண்ட பகுதிகளில் அந்நோய் மிகுந்திருந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். வயிற்றைப் பிசைந்து பல்லாண்டுகள் துன்புறுத்தும் அந்நோய்க்குச் சோமர்வெல் அறுவை முறையால் தீர்வளித்தார். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வழக்கத்தால் வந்த வாய்ப்புற்றுநோய்க்கு ரேடியம் கொண்டு மருத்துவம் செய்தார். தம் அனுபவங்களை மருத்துவ இதழ்களில் எழுதிப் பிற நாட்டு அறிஞரும் அறியச் செய்தார். 1936-இல் தம் வாழ்க்கையை ‘எவரெஸ்டுக்குப் பின்’ என்னும் பொருள்படும் நூலாக வெளியிட்டார். கெய்சர்-இ-ஹிந்த் பதக்கமும், பின்னர் 1953-இல் பிரிட்டிஷ் அரசின் விருதும் அவரைத் தேடி வந்தன.

ஆயினும் இத்தகைய பணியில் ஓர் இடர் மறைந்துள்ளது. வாயிலில் நூறு பேர் காத்திருக்கும்போது, வேகமும் திறமையும் உள்ள மருத்துவர் கத்தியைத் தம் கையிலேயே வைத்துக்கொள்வது இயல்பு. மாணவர் கையில் அதனைக் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும். அன்று பத்துப் பேருக்குக் கிடைக்கும் மருத்துவம் ஐவருக்கே கிடைக்கும். எஞ்சிய ஐவரின் வலியை முன்னிட்டு, இன்று வேண்டா, நாளை கற்பிக்கலாம் என்று மனம் சொல்லும். அந்த நாளை என்பது வாராமலே போதலும் உண்டு. அவ்வாறு தாமே எல்லாவற்றையும் செய்து முடித்த வல்லுநர் ஊரைவிட்டு நீங்கும் நாளில், வரிசை மட்டும் அங்கேயே நிற்கும். இரக்கமே கற்பித்தலுக்குத் தடையாகும் இந்நிலை, மருத்துவ ஆசிரியர் கடக்க வேண்டிய கடினமான ஏற்றமாகும்.

வேலூரில் ஆசிரியர்

நெய்யூரில் நெடுங்காலம் கத்தியைக் கையாண்ட சோமர்வெல், தம் 59-ஆம் வயதில் அவ்வேற்றத்தை மேற்கொண்டார். 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவ இணைப் பேராசிரியராகச் சேர்ந்தார்.

வேலூர்க் கல்லூரி அப்போது இருந்த நிலையை அறிதல் வேண்டும். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கென அங்கு ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பயின்றோர் உரிமச் சான்று பெற்ற மருத்துவராயினர். 1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு அச்சான்றுப் படிப்பை நீக்கி, மருத்துவர் அனைவரும் பல்கலைக்கழகப் பட்டம் பெறுதல் வேண்டும் என விதித்தது. பட்டப்படிப்பு நடத்த வேண்டுமாயின், போதிய படுக்கைகளும், பல்வேறு துறைகளில் உயர்தகுதி பெற்ற பேராசிரியரும் வேண்டும். படுக்கைகளைப் பொருள் கொண்டு அமைக்கலாம். ஆசிரியரை எங்கே தேடுவது? கல்லூரி மூடப்படும் நிலை வந்தது. ஐடா அம்மையார் முதுமையிலும் அமெரிக்கா சென்று உதவி திரட்டினார். 1942-இல் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1947-இல் ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டனர். நோயாளரும் மாணவரும் நிறைந்திருந்தும், கற்பிக்க வல்லார் இல்லையேல் மருத்துவக் கல்லூரி நில்லாது என்பதை அவ்வரலாறு காட்டிற்று.

அத்தகைய கல்லூரிக்குச் சோமர்வெல் தம் கால் நூற்றாண்டு அனுபவத்தைக் கொண்டுவந்தார். 1961 வரை அங்குக் கற்பித்தார். வாழ்வின் இறுதிப் பணிக்காலத்தை அவர் இன்னும் பல நூறு அறுவைகளுக்காக மட்டும் வைத்துக்கொள்ளாமல், அவற்றைச் செய்யப்போகும் கைகளுக்காகச் செலவிட்டமை அவர்தம் தொலைநோக்கைக் காட்டுகின்றது.

நல்லாசிரியர் இலக்கணம்

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கையும் உவமையாகக் காட்டியுள்ளார். மருத்துவரைப் பயிற்றும் மருத்துவருக்கு இந்நான்கும் மிகவும் வேண்டுவன.

தன்னை அகழ்வாரைத் தாங்குவது நிலம். மாணவரின் தடுமாற்றத்தையும் மெதுவான கையையும் பொறுத்தல் ஆசிரியருக்கு வேண்டும். காணச் செய்து, துணைநிற்கச் செய்து, தம் கண்முன்னே செய்வித்து, பின்னர்த் தனியே செய்ய விடுதல் என்னும் படிகளில் ஒன்றையும் தாண்டாமல் நடத்தும் பொறுமை அது. மாணவர் பிழை செய்யுமிடத்து நோயாளர் துன்புறாதபடி உடனே கைகொடுத்தலும் இப்பொறுமையுள் அடங்கும்.

எளிதில் அளக்கலாகாத பொருள்வளம் உடையது மலை. ஆசிரியர் தாம் ஓயாது கற்றுக்கொண்டே இருத்தல் வேண்டும். நேற்றைய முறையையே நாளையும் கற்பிப்பவரிடம் பயில்பவர் நேற்றைய மருத்துவராகவே வெளிவருவர்.

ஒரு பக்கமும் சாயாதது துலாக்கோல். இம்மாணவர் தனியே அறுவை செய்யத் தகுதி பெற்றுவிட்டாரா என்று முடிவு செய்வது ஆசிரியரின் கடமை. விருப்பாலோ வெறுப்பாலோ அம்முடிவு பிறழ்ந்தால், அதன் பயனை அனுபவிப்பவர் முன்பின் அறியாத ஒரு நோயாளர். பனிச்சரிவில் முன்சென்றவரின் கணக்குப் பிழைக்குப் பின்வந்தவர் உயிர் கொடுத்தது போன்றதே இது.

மென்மையும் மணமும் உடையது மலர். கடுஞ்சொல்லுக்கு அஞ்சும் மாணவர் தம் ஐயங்களையும் பிழைகளையும் மறைப்பர். மறைக்கப்பட்ட பிழை திருத்தப்படுவதில்லை. முகமலர்ச்சியுடைய ஆசிரியரிடம் மாணவர் உண்மையைச் சொல்வர். அவ்வுண்மை நோயாளரைக் காக்கும்.

அந்நூலே நல்லாசிரியர் ஆகாதாரையும் உவமையால் விளக்குகின்றது. அவற்றுள் ஒன்று பருத்தி அடைத்த குண்டிகை. அதன் சிறிய வாய் வழியே பஞ்சைத் திணிப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. அரிதின் முயன்று கற்றவை உள்ளே நிறைந்திருந்தும், வெளிவரும் வழி அறியாத வல்லுநர் அக்குண்டிகை போன்றவர். பெரிய மருத்துவர் என்பதனாலேயே ஒருவர் நல்ல மருத்துவ ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. கற்பித்தல் தனியொரு கலை. அதனையும் முயன்று கற்றல் வேண்டும்.

சோமர்வெல் இக்கலையைப் போர்க்களத்திலும் பனிமலையிலும் நோயாளர் வரிசையின் முன்னும் தம் வாழ்க்கையாலேயே கற்க நேர்ந்தது. அவ்வளவு நெடிய வழியில் எல்லோரும் செல்லல் இயலாது. ஆதலின் பிற்காலத்தில் மருத்துவ ஆசிரியருக்கெனவே பயிற்சிகள் ஏற்பட்டன. புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் நிறுவனத்தில் 1970-களில் மருத்துவ ஆசிரியர்களைப் பயிற்றும் தேசிய மையம் அமைந்தது. பாடத்தைத் திட்டமிடுதல், நோயாளரின் படுக்கையருகே கற்பித்தல், மாணவர் திறனை நடுநிலையோடு மதிப்பிடுதல் ஆகியவற்றை மருத்துவப் பேராசிரியரே அங்கு மாணவராக அமர்ந்து கற்றனர். உயர்சிறப்புப் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்களை வழிநடத்தும் பொறுப்பாளருக்கு இத்தகைய பயிற்சி இன்றியமையாதது.

இறுதிநாளும் நிலைத்த புகழும்

1961-இல் சோமர்வெல் தாயகம் திரும்பினார். 1962 முதல் 1965 வரை, மலையேறுவோரின் பழம்பெரும் அமைப்பாகிய ஆல்பைன் கழகத்தின் தலைவராக விளங்கினார். இமயத்தையும் தென்னாட்டையும் ஓவியங்களாகத் தீட்டி வந்த அவர் கை, முதுமையிலும் தூரிகையை விடவில்லை. 1975-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், தம் 84-ஆம் வயதில், இங்கிலாந்தின் ஏரி நாட்டிலுள்ள ஆம்பிள்சைடு என்னும் ஊரில் இயற்கை எய்தினார்.

1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. நெய்யூர் மருத்துவமனை இன்றும் நோயாளருக்குப் பணிபுரிந்து வருகின்றது. மாவட்ட எல்லையை அடுத்துக் கேரள மாநிலத்தின் காரக்கோணத்தில் 2002-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரிக்குச் சோமர்வெல்லின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அவர் பெயரைத் தாங்கும் நினைவிடம் மருத்துவரை உருவாக்கும் கல்லூரியாக அமைந்தது மிகவும் பொருத்தமுடையது.

சோமர்வெல் எவரெஸ்டின் உச்சியை அடையவில்லை. 1953-இல் டென்சிங்கும் ஹிலாரியும் அதில் அடி வைத்தபோது, அவர் வேலூரில் மாணவரிடையே இருந்தார். அவர் காட்டிய உயரம் வேறு. திற்பரப்பில் அருவியின் முழக்கம் நெடுந்தொலைவு கேட்கும். அணையிலிருந்து வாய்க்காலிற் செல்லும் நீர் ஓசையின்றியே செல்லும். அறுவடைக் காலத்தில் வயலைக் காண்போர் அந்நீரின் அருமையை அறிவர். ஓர் ஆசிரியரின் பெருமையும் அவர் மாணவரின் கைகளிலேயே காணப்படும்.